14 வயதுக் கடுவன், கிரியேட்டினின் 265: அன்ரிஒக்சிடன்ட் குளிசை கொடுக்கலாமா?

உவர்மலைக்காரி (ஞாயிறு இரவு)

எங்கள் வீட்டில் மணியம் என்று ஒரு கடுவன் பூனை. வயது 14. அப்பா இருந்த காலத்தில் டொக்யார்ட் வீதிப் பக்கம் மழைக் கானுக்குள் கிடந்த குட்டி, அவர்தான் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

மூன்று மாதமாகத் தண்ணீர் கூடக் குடிக்கிறான். மண்பெட்டியை ஒரு நாளில் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. தடவினால் முதுகெலும்பு கையில் முட்டுகிறது. போன கிழமை இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை, நுரை நுரையாக வாந்தி. வைத்தியரிடம் கொண்டுபோனோம். இரத்தம் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 265 மைக்ரோமோல். சிறுநீரகம் நாட்பட்டுப் பழுதாகியிருக்கிறது, மூன்றாம் நிலை என்றார். சேலைன் ஏற்றினார். இப்போது எழும்பி நடக்கிறான், கொஞ்சம் சாப்பிடுகிறான்.

கனடாவில் இருக்கும் மச்சாள் இதைக் கேட்டதும், எல்லாம் ஒட்சியேற்ற அழுத்தத்தால் வருவது, அன்ரிஒக்சிடன்ட் கொடுத்தால் நிற்கும் என்கிறார். தான் எடுக்கும் குளிசையில் ஒரு போத்தல் ஆளிடம் கொடுத்துவிட்டிருக்கிறாராம். போத்தலின் படம் அனுப்பினார்: லைப்போயிக் அமிலம், வைட்டமின் சீ, வைட்டமின் ஈ, மஞ்சள் சாறு. கால் குளிசை கொடுக்கலாமா? யாராவது கொடுத்துப் பார்த்தீர்களா?

அம்மா சொல்வது, "வயது போனால் மனிசருக்கும் இப்படித்தான், விடு பிள்ளை." விட மனம் வரவில்லை.

கரைவலைத்தம்பி

அக்கா, எங்கள் வாடியில் எட்டுப் பூனை நிற்கிறது. ஒன்றுக்கும் குளிசை கொடுத்ததில்லை. வலையில் வருகிற சூடையும் நெத்தலியும்தான் சாப்பாடு. மெலிந்த பூனைக்கு நெத்தலி அவித்துக் கொடுங்கள், தேறிவிடும். உடம்பு சுட்டால் பனடோல் கால் துண்டு, எங்கள் பெரியம்மா அப்படித்தான் செய்வார்.

பேராதனை மாணவி

தம்பி, கடைசி வரியை அழித்துவிடு. சத்தியமாகச் சொல்கிறேன், அழித்துவிடு.

பனடோல் என்று நாங்கள் எல்லோரும் சொல்கிற பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு. கொஞ்சமாகக் கொடுத்தாலும் நஞ்சுதான். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். இந்தத் திரியின் கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஈரல் பரசிட்டமோலில் பெரும்பங்கைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு கட்டி வெளியே அனுப்பிவிடும். அந்தக் கட்டுகிற நொதியத்தின் மரபணு பூனைக் குடும்பத்தில் எப்போதோ செயலிழந்துவிட்டது. அதனால் மருந்து வேறு வழியில் திரும்பி, ஒட்சியேற்றும் நஞ்சாக மாறுகிறது. அதை அடக்கக் கலத்தில் இருக்கும் குளுட்டத்தயோன் செலவாகிறது. அது தீர்ந்ததும் செங்குழியத்துக்கு அடி விழுகிறது. பூனையின் ஈமோகுளோபின் மூலக்கூறில் இப்படி அடிவாங்கக்கூடிய கந்தகக் கூட்டங்கள் 8 இருக்கின்றன. நாய்க்கு 4, மனிதருக்கு 2. முரசு கபில நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். மாற்று மருந்தாகக் கொடுக்கும் அசற்றைல்சிஸ்ரீன்கூடக் குளுட்டத்தயோனைத் திரும்பக் கட்டுவதற்கான மூலப்பொருள்தான்.

வெங்காயமும் உள்ளியும் அதே செங்குழியத்தில்தான் கைவைக்கின்றன. மீன்குழம்பு பிசைந்த மிச்சச் சோறு வைக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் வைத்துத்தான் வளர்த்தோம், மறைக்க என்ன இருக்கிறது.

அக்கா, உங்கள் மச்சாளின் போத்தலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். லைப்போயிக் அமிலம் பூனைக்கு நஞ்சு. நாய் தாங்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பூனை தாங்காது. அன்ரிஒக்சிடன்ட் என்று பெயர் இருப்பதால் தீங்கில்லை என்று எடுக்கக்கூடாது.

கரைவலைத்தம்பி

அழித்துவிடப் போனேன், நீங்கள் பதில் எழுதியபடியால் அழிக்க விடவில்லை. பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அதுதான் அந்த வெள்ளைப் பெட்டை செத்ததோ" என்று கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நான் 31 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். பூனை வைத்தியம் தெரியாது. ஆனால் "ஒட்சியேற்ற அழுத்தம்" என்ற சொல்லை இப்போது தலைவலிக்கும் தலைமயிர் கொட்டுவதற்கும் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள், அதனால் எரிச்சல். சொல்லின் பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சிறுநீரகம் சின்ன உறுப்பு. ஆனால் இதயம் தள்ளுகிற இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் போகிறது. கலன்கோளம் என்ற நுண் வடியில் வடிகிற நீரில் பெரும்பகுதியைச் சிறுகுழாய்கள் திரும்ப உறிஞ்ச வேண்டும். பூனை இதில் கெட்டிக்காரன். அதன் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப் பூனை, வரண்ட நிலத்து விலங்கு, சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து வாழ்ந்தது. அவ்வளவு உறிஞ்சுவதற்குச் சக்தி வேண்டும். அதனால் சிறுகுழாய்க் கலங்களுக்குள் இழைமணிகள் நெருங்கிக் கிடக்கின்றன. இழைமணி சக்தி செய்யும்போது ஒட்சிசனில் ஒரு சிறு பங்கு அரைகுறையாக இலத்திரனை ஏற்று, சுப்பரொட்சைட்டாகக் கசியும். அது எந்த உயிரிலும் நடப்பது. அதைத் தணிக்க நொதியங்கள் இருக்கின்றன, குளுட்டத்தயோன் இருக்கிறது, கல மென்சவ்வில் வைட்டமின் ஈ இருக்கிறது. கசிவு கூடி, தணிப்பது குறைந்தால் கொழுப்பும் புரதமும் டீஎன்ஏயும் ஒட்சியேறும். அந்தச் சமனிலைக் குலைவுக்குத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர். அதற்கு மேல் அதில் மாயம் இல்லை.

வீட்டில் பழைய தேங்காய் எண்ணெய் காறல் அடிக்கிறதே, அது கொழுப்பு ஒட்சியேறிய மணம். (காறல் என்றேன், மீன் காரல் அல்ல. கரைவலைத்தம்பி குழம்ப வேண்டாம்.)

கரைவலைத்தம்பி

ஐயா, மீன் விசயத்தில் நான் குழம்பமாட்டேன். ஒரு கேள்வி. வயது போகும்போது ஏன் கசிவு கூடுகிறது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

பூனையின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது இரத்தத்தை வடித்துச் சிறுநீர் செய்யும் நுண் அலகுகள். எங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. செத்த சிறுநீரகத்தி திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பவை செத்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். கூட வேலை என்றால் கூட ஒட்சிசன், கூடக் கசிவு. அதனால் இன்னும் சில சாகும். செத்த இடத்தில் தழும்பு இழையம் வளரும். தழும்பு நுண்குழாய்களை நெரிக்கும். பக்கத்துக் கலத்துக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. ஒட்சிசன் குறைந்தாலும் இழைமணி கசியும் என்பது இதில் விசித்திரம்.

கரைவலைத்தம்பி

அப்படி என்றால் கரைவலைதானே ஐயா. முப்பது பேர் பிடித்து இழுக்கிற வலை. பத்துப் பேர் வரவில்லை என்றால் வலையின் பாரம் குறையாது, இருபது பேரும் கையைக் கிழித்துக்கொண்டு இழுப்பார்கள். அடுத்த நாள் அந்த இருபதில் நாலு பேர் படுத்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

31 வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சும்மாஒருவன்

மனிசருக்கே டயலிசிஸ் செய்ய வரிசையில் நிற்கிற நாட்டில் பூனைக்கு இழைமணி ஆராய்ச்சி. நடக்கட்டும் நடக்கட்டும்.

மற்றது, பதவிய, மதவாச்சிப் பக்கம் 90களிலிருந்து ஆட்களுக்கு வருகிற சிறுநீரக நோய் இருக்கிறதே, தண்ணீரால் என்கிறார்கள். அதுதான் பூனைக்கும் வந்ததோ?

பேராதனை மாணவி

அண்ணா, பூனைக்கு இந்த நோய் உலகம் முழுக்க வருகிறது, போத்தல் தண்ணீர் குடிக்கிற பூனைக்கும் வருகிறது. பத்து வயது தாண்டிய பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். வடமத்திய மாகாண நோய் வயல் வேலை செய்யும் ஆட்களில் கூடக் காணப்படுவது, அதன் காரணம் பற்றிய வாதம் தனிக் கதை. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

லாப் மச்சான்

தங்கச்சி உவர்மலை, அந்த 265ஐப் பற்றிக் கதைப்போம். மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இரத்தம் எடுத்தது எப்போது? இரண்டு நாள் சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சேலைன் ஏற்றுவதற்கு முன். அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்? உடம்பில் தண்ணீர் வற்றினாலே கிரியேட்டினின் ஏறும். பூனையின் சிறுநீரக நிலையைப் பிரிக்க உலகம் முழுவதும் பாவிக்கும் ஐரிஸ் அட்டவணையில் இரண்டாம் நிலை 140இலிருந்து 250 வரை. மூன்றாம் நிலை 251இலிருந்து 440 வரை. அதற்கு மேல் நான்கு. 265 என்பது எல்லைக்கோட்டை 15ஆல் தாண்டியிருக்கிறது, அதுவும் வற்றிப்போன உடம்பில். அந்த அட்டவணையே, பூனை நிலையாக இருக்கும்போது, வெறும் வயிற்றில், ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டுத்தான் நிலையைச் சொல் என்கிறது.

இரண்டு மூன்று கிழமை பொறுத்துத் திரும்ப எடுங்கள். அதே லாப்பில் கொடுங்கள். அன்றைக்கே சிறுநீரும் கொடுங்கள், அடர்த்தி பார்க்க. நல்ல பூனையின் சிறுநீர் 1.035க்கு மேல் இருக்கும்.

மாறாக ஏமாறவும் இடம் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த கிழட்டுப் பூனைக்குத் தசை குறைவு, அதனால் இலக்கம் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். சிறுநீரகத்தில் முக்கால்வாசி போன பிறகுதான் அது எல்லையைத் தாண்டும் என்றும் சொல்வார்கள். எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனை அதற்கு முன்பே காட்டும், ஆனால் நாங்கள் செய்வதில்லை, மனித லாப்.

உவர்மலைக்காரி

நன்றி அண்ணா. வைத்தியர் மற்ற எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார், திரும்ப எடுப்பதைப் பற்றி நான்தான் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு லாப்பில் "பூனை இரத்தமா?" என்று கேட்டுவிட்டு போத்தலைக் கையில் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில்தான் எடுத்தார்கள். வெட்கமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கிண்ணியா நானா

தங்கச்சி, வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாயில்லாத சீவன், நாங்கள்தான் அதற்கு வாய்.

மீன் பற்றி ஒன்று சொல்லட்டுமா. எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் கடுவன் நின்றான். மச்சினன் சூரை வெட்டுகிற ஆள், தலையும் குடலும் கறுப்பு இறைச்சியும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு. மூன்று வருடம் வேறு ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பிறகு ஒரு நாள் தூக்கப் போனேன், கத்திக்கொண்டு கடித்துவிட்டான். வயிற்றுத் தோலுக்குக் கீழே கட்டி கட்டியாக இருந்தது, தொட விடவில்லை, காய்ச்சல். வைத்தியர் பார்த்துவிட்டு, கொழுப்பு அழற்சி என்றார். மீன் எண்ணெய் கூட, வைட்டமின் ஈ குறைவு, உடம்புக் கொழுப்பே உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கிறது என்றார். வாத்தியார் சொன்ன காறல் எண்ணெய்க் கதை அப்படியே. வைட்டமின் ஈ கொடுத்து, சூரையை நிறுத்தி, கோழிக்கு மாற்றி, இரண்டு மாதம் எடுத்தது. அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தான்.

கடற்கரை ஊர்ப் பூனைக்கு மீன் கெடுதல் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வாடைக்காற்று

நானா சொல்வது வைட்டமின் ஈ உண்மையிலேயே குறைந்த பூனை. அதற்குக் கொடுத்தால் வேலை செய்யும். இல்லாத குறைக்குக் கொடுப்பது வேறு விசயம். அந்த வேறுபாடு தெரியாமல் நான் காசைக் கரைத்தேன்.

என் சின்னாச்சிக்கு 16 வயது. இதே நோய். ஒரு கடையில் சிறுநீரகத்துக்கு என்று ஒரு மூலிகைப் பொடி, இன்னொரு இடத்தில் அன்ரிஒக்சிடன்ட் சொட்டு மருந்து, முகநூலில் ஒருவர் சொன்ன நெல்லிச் சாறு. ஒவ்வொரு நாளும் வாயைப் பிளந்து ஊற்றினேன். என்னைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே ஓடத் தொடங்கினாள். ஒரு நாள் விடிய எழும்பி வந்தவள் நேரே சுவரில் முட்டினாள். கறுப்பு விழி பெரிதாக விரிந்து கிடந்தது. இரத்த அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றிருந்தது. இரவோடு இரவாகக் குருடாகிவிட்டாள்.

அவ்வளவு நாளும் ஒருவரும் பிரஷர் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. பொடி வாங்கிய காசுக்கு நாலு தடவை பார்த்திருக்கலாம்.

பேராதனை மாணவி

வாடைக்காற்று அக்கா சொன்னதைத்தான் நான் எழுத இருந்தேன், இவ்வளவு நேரடியாக எழுதியிருக்கமாட்டேன். இந்த நோயுள்ள பூனைகளில் கணிசமானவற்றுக்கு அழுத்தம் கூடும். 160க்கு மேல் நின்றால் மருந்து. அம்லோடிபின், மனிதருக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், பூனைக்குச் சிறு துண்டு. அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். வயதான பூனை மெலிந்தால் தைரொயிட்டும் ஒருக்கா. தைரொயிட் கூடினால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் கூடி, நோயை மறைத்துவிடும்.

நெல்லிச் சாறு: பூனை தன் ஈரலிலேயே வைட்டமின் சீ செய்துகொள்ளும். எங்களுக்குத்தான் அது ஏலாது. கூடப் போனது ஒட்சலேற்றாகச் சிறுநீரில் வரும், கல்லுக்கு வழி.

ஓய்வுபெற்ற வாத்தியார்

நெல்லிக்காய் பற்றி நானே எழுத இருந்தேன். நல்லவேளை.

ஆனால் பிள்ளை, ஒன்று கேட்கிறேன். ஒட்சியேற்றம் நடப்பது உண்மை என்று நானும் நீயும் ஒத்துக்கொள்கிறோம். அது சிறுநீரகத்தைத் தின்பதும் உண்மை. அப்படியானால் அதற்கு எதிர்ப்பொருள், அதுதான் அன்ரிஒக்சிடன்ட், கொடுத்தால் பயன் இருக்கத்தானே வேண்டும்? சோதனைக் குழாயில் நடப்பது பூனையில் ஏன் நடக்காது?

பேராதனை மாணவி

ஐயா, நடக்காது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2010இல் வந்த ஓர் ஆய்வில் நோயுள்ள பூனைகளின் இரத்தத்தில் ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் மொத்தத் திறன் குறைந்திருந்தது. அதற்கு முன் 2006இல் சிறுநீரகம் தளர்ந்த பூனைகளுக்கு வைட்டமின் ஈ, சீ, பீற்றா கரோட்டின் சேர்த்த உணவைச் சில கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். டீஎன்ஏ சேதத்தைக் காட்டும் குறிகள் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது இரத்தத்தில் ஒரு குறி குறைந்த கதை. அந்தப் பூனைகள் கூடக் காலம் வாழ்ந்தனவா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை.

இப்போது உணவைப் பாருங்கள். 2000இல் இங்கிலாந்தில் 50 பூனைகள். பொசுபரசும் புரதமும் குறைத்த சிறுநீரக உணவைத் தின்றவை இடைநிலையாக 633 நாள் இருந்தன, தின்னாதவை 264 நாள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தின்னாதவை என்றால், சீட்டுக் குலுக்கிப் பிரித்ததா, தாங்களாகவே தின்ன மறுத்தவையா? மறுத்தவை முதலே கூட வருத்தமாக இருந்திருக்கலாம் அல்லவா?

பேராதனை மாணவி

ஐயாவிடம் படித்த பிள்ளைகள் பாவம்.

ஆம், சீட்டுக் குலுக்கவில்லை. பூனையோ வீட்டுக்காரரோ உணவை ஏற்காத கூட்டம்தான் மற்றப் பக்கம். அந்தக் குறையைத் தீர்க்க 2006இல் அமெரிக்காவில் 45 பூனைகளைக் குலுக்கிப் பிரித்து இரண்டு வருடம் பார்த்தார்கள். சிறுநீரக உணவுக் கூட்டத்தில் ஒன்றுகூடச் சிறுநீரகத்தால் சாகவில்லை. சாதாரண உணவுக் கூட்டத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்தது.

அதுமட்டுமல்ல, பெரும்பாலான சிறுநீரக உணவுகளில் வைட்டமின் ஈயும் ஒமேகா 3உம் ஏற்கனவே சேர்த்திருக்கும். ஐயாவின் எதிர்ப்பொருள் அதற்குள்ளேயே போகிறது. பொசுபரசைக் குறைப்பது, அழுத்தத்தை இறக்குவது, தண்ணீர் வற்றாமல் வைத்திருப்பது எல்லாம் கரைவலையின் பாரத்தைக் குறைப்பது. பாரம் குறைந்தால் கசிவு குறையும். இழுக்கிறவனின் கைக்கு எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகு.

கரைவலைத்தம்பி

என் கரைவலை பேராதனை வரைக்கும் போய்விட்டது.

நெத்தலி சொன்னேனே, அதுவும் பிழையா?

பேராதனை மாணவி

முள்ளோடு முழு நெத்தலி என்றால் பொசுபரசு நிறையப் போகும், எலும்பில்தான் கூட இருக்கிறது. கருவாடு, ரின் மீன் என்றால் உப்பும் சேரும். முள் எடுத்த மீன் சதை கொஞ்சம் பரவாயில்லை.

உவர்மலைக்காரி

கொழும்பிலிருந்து அந்தச் சிறுநீரக உணவு ஒரு பை எடுப்பித்தேன். விலையைச் சொன்னால் அம்மா மயங்கி விழுவார், அதனால் சொல்லவில்லை. மணியம் மணந்துவிட்டு, பின்னங்காலால் மண் தள்ளி மூடுவதுபோல் செய்துவிட்டுப் போய்விட்டான்.

கிண்ணியா நானா

மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பசித்தால் தின்னும். பூனை எங்கே போகப்போகிறது.

வாடைக்காற்று

நானா, அது நல்ல பூனைக்கு. வருத்தக்காரப் பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர ஏலாது.

பேராதனை மாணவி

நானா கோபிக்க வேண்டாம், இதில் வாடைக்காற்று அக்கா சொல்வதுதான் சரி. பூனை சில நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலுக்குள் வந்து குவிந்து, ஈரல் கெட்டுவிடும். சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போய் ஈரலில் விழுந்த கதையாகும்.

பழைய சாப்பாட்டில் ஒரு கரண்டி புதியது. ஒரு மாதம், தேவையானால் இரண்டு மாதம் எடுத்து மாற்றுங்கள். வாந்தி வரும் நாளில் தொடங்காதீர்கள், அந்தச் சாப்பாட்டால்தான் வயிறு பிரட்டுகிறது என்று பூனை பிடித்துக்கொள்ளும். கடைசிவரை தின்னாவிட்டால், எலும்பில்லாத கோழி, முட்டை வெள்ளைக்கரு, சோறு என்று வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைக்கருவில் நல்ல புரதம், பொசுபரசு குறைவு. ஆனால் அதை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கல்சியம், தோரின் குறையும். என்ன சேர்ப்பது என்று வைத்தியரோடு கதைத்துவிட்டுச் செய்யுங்கள்.

லாப் மச்சான்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த வெக்கையில் நாங்களே வற்றிப்போகிறோம். நாலைந்து இடத்தில் தண்ணீர் வையுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தால் சில பூனை குடிக்காது. எங்கள் வீட்டுப் பெட்டை மண்சட்டித் தண்ணீரை மட்டும் குடிப்பாள், எவர்சில்வரைத் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

சும்மாஒருவன்

ஜப்பானில் ஊசி கண்டுபிடித்துவிட்டார்களாம், பூனை 30 வருடம் வாழுமாம். இவ்வளவு கதைத்தவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

(பூனை பிடிக்காது என்று நான் எங்கும் எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. 11 வயது.)

பேராதனை மாணவி

அப்படிச் சொல்லுங்கள் அண்ணா!

அது தோக்கியோவில் இருந்த தோரு மியாசாகி என்ற ஆய்வாளரின் வேலை. இரத்தத்தில் ஏஐஎம் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிறுநீரகக் குழாயில் செத்த கலங்களின் குப்பை அடைத்தால், அந்தப் புரதம் போய்க் குப்பையில் ஒட்டி, "இதை எடு" என்று அடையாளம் காட்டும். பூனையில் அது பிறபொருளெதிரி ஐஜிஎம்மோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் கழன்று குழாய்க்குள் போக முடிவதில்லை, குப்பை கிடந்துவிடுகிறது என்று 2016இல் எழுதினார்கள். பூனைக்கு ஏன் இவ்வளவு கூட வருகிறது என்பதற்கு நல்ல விளக்கம். 30 வருடம் என்பது பத்திரிகைத் தலைப்பு. மணியத்துக்கு இந்தக் கிழமை உதவாது. உங்கள் 11 வயதுக்கு இப்போதே ஒரு தடவை இரத்தமும் சிறுநீரும் பார்த்து வையுங்கள்.

உவர்மலைக்காரி (இருபத்து நாலு நாளுக்குப் பிறகு)

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா கண்டிக்குப் போகிற வானில் மணியத்தையும் ஏற்றிக்கொண்டு பேராதனை மிருக வைத்தியசாலைக்குப் போய்வந்தோம். ஹபரணை வரை கத்தினான், தம்புள்ளையில் ஒரு தடவை வாந்தி, அதற்குப் பிறகு நல்ல நித்திரை.

கிரியேட்டினின் 218. சிறுநீர் அடர்த்தி 1.016. தைரொயிட் சரி. சிறுநீரில் புரதம் பெரிதாக இல்லை. பிரஷர் 172. முதலில் இன்னும் கூட இருந்தது, பயத்தால் ஏறும் என்று கூண்டில் இருட்டாக வைத்து, ஆறவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், 170க்குக் கீழே இறங்கவில்லை. ஊருக்கு வந்து ஒரு கிழமையில் இங்குள்ள வைத்தியர் தெரிந்த ஓர் இடத்தில் கருவி எடுத்துப் பார்த்தார், அதுவும் அப்படித்தான். அம்லோடிபின் தொடங்கியாயிற்று. சேலைன் தோலுக்குக் கீழே போடவும் பழக்கினார், இப்போதைக்குத் தேவையில்லை, சாப்பிடாத நாளில் மட்டும்.

மச்சாளின் போத்தல் வந்து சேர்ந்தது. சித்தப்பா எடுத்துக்கொண்டார், தனக்கு மூட்டு வலியாம்.

லாப் மச்சான்

218! இரண்டாம் நிலை. சொன்னேன் அல்லவா. ஆனால் தசை வற்றியிருப்பதை மறக்க வேண்டாம், நிறையையும் ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள்.

வாடைக்காற்று

172 என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் எழும்பிப் போய்விட்டேன். பார்த்தீர்களே, அது போதும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

உணவு என்ன ஆயிற்று?

உவர்மலைக்காரி

பாதிக்குப் பாதி வந்துவிட்டான் ஐயா. இன்றைக்குக் காலை குசினிக்குள் போனால், அம்மா சூடை மீன் ஒன்றைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "தலையும் முள்ளும் எடுத்துவிட்டேன், வெங்காயம் போடவில்லை, அதுதானே உன்ரை ஆட்கள் சொன்னது" என்கிறார்.

பேராதனை மாணவி

எவ்வளவு கொடுத்தார்?

உவர்மலைக்காரி

சின்னிவிரல் அளவு.

பேராதனை மாணவி

சரி, விடுங்கள்.